ரிங் அவுட்டும் வெற்றிதான்

சோல்காலிபர் ஆடுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் சண்டை திரையில் மட்டும் நடக்காது. கிலிக்கை எடுப்பவன் கோழை என்பார் ஒருவர். மாக்ஸியை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு பட்டனைத் தட்டினாலே ஜெயிக்கலாம் என்பார் இன்னொருவர். இரண்டாவது பாகத்துக்கு அப்புறம் வந்ததெல்லாம் சும்மா என்று ஒரு அண்ணன் பெருமூச்சு விடுவார். இதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் ஒரு வாக்கியம் மட்டும் எங்கே போனாலும் காதில் விழும். "ரிங் அவுட்ல ஜெயிச்சதெல்லாம் ஒரு ஜெயிப்பா?"

இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

ஆடாதவர்களுக்காகச் சுருக்கமாக: நாம்கோ நிறுவனம் 1990களின் நடுவில் சோல் எட்ஜ் என்று ஒரு ஆட்டத்தை ஆர்கேட் கூடங்களுக்குக் கொண்டுவந்தது. அதன் தொடர்ச்சிதான் 1998இல் வந்த சோல்காலிபர். மறுவருடம் அது டிரீம்காஸ்டுக்கு வந்தபோது ஜப்பானின் ஃபாமிட்சு இதழ் 40க்கு 40 மதிப்பெண் போட்டது. பதினாறாம் நூற்றாண்டின் பின்பகுதியில் நடக்கும் கதை. தீய வாள் ஒன்று, அதற்கு எதிரான வாள் ஒன்று, அவற்றைத் தேடி உலகத்தின் பல மூலைகளிலிருந்து கிளம்பும் ஆட்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஆயுதம். மிட்சுருகியிடம் கட்டானா, ஆஸ்டராத்திடம் ராட்சதக் கோடாரி, ஐவியிடம் சாட்டையாக நீளும் வாள். கண் தெரியாத வோல்டோவின் இரண்டு கைகளிலும் இருப்பது நம்ம ஊர்க் கட்டாரி. தஞ்சாவூர் ஆயுதச்சாலையிலிருந்து வந்த கட்டாரிகளை எழும்பூர் அருங்காட்சியகத்தில் முதல்முறை பார்த்தபோது எனக்கு ராஜாக்கள் யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை. தரையில் பூச்சி மாதிரி ஊர்ந்து வரும் வோல்டோதான் வந்தான்.

ஆயுதம் கைக்கு வந்ததும் சண்டையின் கணக்கே மாறிவிடும். கையாலும் காலாலும் அடித்துக்கொள்ளும் ஆட்டங்களில் எல்லோருடைய எட்டும் தூரமும் ஏறக்குறைய ஒன்றுதான். இங்கே அப்படி இல்லை. கத்தி வைத்திருப்பவள் உள்ளே நுழைந்தாக வேண்டும். கம்பு வைத்திருப்பவன் அவளை உள்ளே விடக் கூடாது. ஒரு பட்டன் ஆயுதத்தைக் கிடையாக வீசும், ஒரு பட்டன் மேலிருந்து கீழாக இறக்கும், ஒன்று உதை, ஒன்று தடுப்பு. மேலிருந்து இறங்கும் வெட்டு வலுவானது, ஆனால் பக்கவாட்டில் நகர்ந்தால் தப்பிக்கலாம். கிடைவீச்சு பக்கவாட்டில் ஓடுபவனைப் பிடித்துவிடும், ஆனால் மேல்மட்டத்தில் வந்தால் குனிந்து தப்பிக்கலாம். 1998 ஆட்டம் எட்டுத் திசையிலும் தடையில்லாமல் நடக்க விட்டதால்தான் இந்தக் கணக்குக்கு உயிர் வந்தது. அதோடு மேடைக்கு ஒரு விளிம்பு உண்டு. விளிம்பைத் தாண்டி விழுந்தால் அந்த ரவுண்டு போச்சு. உங்கள் உயிர்க்கோடு முழுசாகப் பச்சையாக இருந்தாலும் போச்சு. அதுதான் ரிங் அவுட்.

நான் இதைக் கற்றுக்கொண்டது 2007இல், திண்டுக்கல்லில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த கேம் கடையில். மூன்று பிளேஸ்டேஷன் 2, மூன்று பழைய டிவி, ஒரு டேபிள் ஃபேன். மணிக்கு இருபது ரூபாய். அண்ணன் பத்தாவது, நான் எட்டாவது. சனிக்கிழமை டியூஷன் முடிந்ததும் அண்ணன் அங்கே போவான். என்னை வீட்டில் விட்டுவிட்டு வந்தால் நேரம் இடிக்கும் என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டு போவான். நான் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்ப்பேன்.

அங்கே யாரையும் சொந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை. பாலிடெக்னிக் படித்த ஒருத்தர் வோல்டோ அண்ணன். எங்கள் தெருவிலிருந்து வந்த ஒல்லிப் பையன் கிலிக். என் அண்ணன் மிட்சுருகி. அப்போது ஓடிக்கொண்டிருந்தது மூன்றாவது பாகம். இரண்டு மாதம் வெறுமனே பார்த்தேன். பார்க்கிறவளுக்கு ஒரு வசதி உண்டு. ஆடுகிறவன் எதிராளியின் ஆயுதத்தை மட்டும் பார்ப்பான். மூலையில் உட்கார்ந்திருப்பவளுக்கு மேடை முழுக்கத் தெரியும். இவர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடியே வெட்டிக்கொள்கிறார்கள், காலுக்குக் கீழே மேடை எங்கே முடிகிறது என்று ஒருத்தரும் பார்ப்பதில்லை என்பது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

வீட்டில் டிவி மட்டும்தான் இருந்தது. அதனால் கடையில் ஓரக்கண்ணால் பார்த்த அடிகளைக் கணக்கு ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்து வைப்பேன். முன்னால் ஒரு அம்பு, பக்கத்தில் ஒரு சதுரம். கீழே ஒரு அம்பு, பக்கத்தில் ஒரு முக்கோணம். ஜியாமெட்ரி பாக்ஸைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கட்டை விரலால் அமுக்கிப் பழகுவேன். அம்மா பார்த்துவிட்டு ஏதோ ஃபார்முலா மனப்பாடம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை கடையில் ஆள் குறைவு. அண்ணனே கண்ட்ரோலரை நீட்டினான். நான் எடுத்தது சியோங் மினா. கொரியப் பெண், அப்பாவின் பயிற்சிக் கூடத்தை விட்டு வெளியேறி வந்தவள், கையில் ஆளுயரத்துக்கு மேல் நீளும் கம்பு, நுனியில் அகலமான கத்தி. கதை எல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு அந்த நீளத்துக்காகத்தான் எடுத்தேன். தூரத்தில் நின்றுகொண்டு கிலிக்கை உள்ளே வரவிடாமல் கிடைவீச்சாகப் போட்டேன். அவன் பின்வாங்கினான். நான் பக்கவாட்டில் நடந்தேன். அவனும் என்னைப் பார்த்தபடி திரும்பினான். அவன் முதுகுக்குப் பின்னால் விளிம்பு வந்தது. ஒரு தள்ளு. விழுந்தான். அடுத்த ரவுண்டும் அப்படியே.

"ஏய், பாப்பா சும்மா பட்டன் அடிக்குதுடா" என்றார் வோல்டோ அண்ணன். நல்ல மனிதர். பாராட்டாகத்தான் சொன்னார். பிறகு அவரும் விழுந்தார்.

பட்டன் அடிப்பது என்ற குற்றச்சாட்டு இந்த ஆட்டத்தின் மேல் ரொம்ப நாளாகவே உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. மற்ற சண்டை ஆட்டங்கள் பலவற்றில் ஒரு நல்ல அடி வர வேண்டுமென்றால் குச்சியை அரைவட்டம் சுழற்றத் தெரிய வேண்டும். சோல்காலிபரில் ஒரு திசை, ஒரு பட்டன் போதும், கண்ணுக்கு அழகான அடி ஒன்று வரும். அதனால் முதல் நாளே யாரும் உள்ளே வரலாம். சிலருக்கு அதுதான் பிடித்த விஷயம், சிலருக்கு அதுதான் எரிச்சல். ஐந்து வருடம் ஆடியவன் முதல் நாள் வந்தவளிடம் தோற்கக் கூடிய ஆட்டம் தரமான ஆட்டமா என்பது அவர்கள் கேள்வி. ஆனால் பட்டன் அடிப்பவரால் தொடர்ந்து ஜெயிக்க முடியாது. அடுத்த அடி என்ன என்று அவருக்கே தெரியாது, அதனால் பொறுமையாகத் தடுத்து நின்று திருப்பி அடிக்கத் தெரிந்தவர் முன்னால் நிற்க மாட்டார். யாராவது பட்டன் அடித்து ஜெயித்ததாகச் சொன்னால் நான் உடனே கேட்பது, எத்தனை தடவை?

நான் மூன்று சனிக்கிழமை ஜெயித்தேன். நாலாவது சனிக்கிழமை போனபோது சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்தது: ரிங் அவுட் கிடையாது. யாராவது விழுந்தால் அந்த ரவுண்டைத் திருப்பி ஆட வேண்டும்.

சரி என்றேன். விளிம்பை விட்டுவிட்டுத் தூரத்தை மட்டும் வைத்து ஆடினேன். சில ஆட்டம் தோற்றேன், சில ஆட்டம் ஜெயித்தேன். அடுத்த வாரம் இரண்டாவது வரி வந்தது: நீள ஆயுதம் கிடையாது. கிலிக் பையனும் வேறு ஆளுக்கு மாற வேண்டியதாயிற்று, பாவம். நான் டாக்கியை எடுத்தேன். குட்டைக் கத்தி, ஆனால் வேகம். மூன்றாவது வரி: ஒரே அடி மூணு தடவை போடக் கூடாது. அதற்குப் பிறகு நாலாவது வரி எழுதப்படவில்லை. கடைக்கார அண்ணன் என் அண்ணனைத் தனியாகக் கூப்பிடாமல் என்னிடமே நேராகச் சொன்னார். "பாப்பா, பசங்க கொஞ்சம் சங்கடப்படுறாங்க. நீ வீட்லயே ஆடிக்கோம்மா." வீட்டில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அதே கடையில் பையன்கள் பாதி நேரம் ஆடியது பெண்களைத்தான். ஐவி, டாக்கி, சோஃபிட்டியா. உடைக்காகவே எடுப்பார்கள், வெளிப்படையாகச் சொல்லிச் சிரிப்பார்கள். இந்தத் தொடரின் பெண்களை வரைந்திருக்கும் விதம் பற்றி உலகம் முழுக்க விமர்சனம் உண்டு, அதுவும் 2008இல் வந்த நாலாவது பாகத்தின் ஐவியைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். எனக்கும் அந்த விமர்சனம் உண்டு. ஆனால் எனக்கு அன்றைக்கு உறைத்தது வேறொன்று. திரைக்குள்ளே எத்தனை பெண்கள் ஜெயித்தாலும் அந்தக் கடையில் யாருக்கும் சங்கடம் இல்லை.

பெரியவளான பிறகு 'சீப்' என்ற சொல்லைச் சுற்றி நடக்கும் சண்டையை நிறையப் படித்தேன். டேவிட் சிர்லின் என்று ஒருவர், போட்டியாளராக இருந்து ஆட்ட வடிவமைப்பாளர் ஆனவர், 'பிளேயிங் டு வின்' என்ற நூலில் இதற்கு ஈவிரக்கமில்லாத பதில் ஒன்று வைத்திருக்கிறார். ஆட்டத்துக்கே தெரியாத விதிகளைத் தானாகக் கற்பித்துக்கொண்டு, அந்த விதியை மீறியவனிடம் தோற்றதும் 'அது நியாயமில்லை' என்பவனை அவர் 'ஸ்க்ரப்' என்கிறார். ஆட்டம் எதை அனுமதிக்கிறதோ அது அனுமதிக்கப்பட்டது, பிடிக்கவில்லை என்றால் அதை முறியடிக்கக் கற்றுக்கொள். அவ்வளவுதான். கல்லூரியில் இதைப் படித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பதிமூன்று வயதுப் பாப்பாவுக்கு ஒரு வக்கீல் கிடைத்த மாதிரி இருந்தது.

ஆனால் கொஞ்ச நாளில் அந்த வக்கீலும் எனக்குப் போதவில்லை. ஏனென்றால் எல்லா வீட்டு விதியும் கெட்ட விதி இல்லை. தெருக் கிரிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு மாடியில் பந்து விழுந்தால் அவுட். எந்தக் கிரிக்கெட் சட்டப் புத்தகத்திலும் அது இல்லை. ஆனால் அந்த வீட்டு அத்தை பந்தைத் திருப்பித் தர மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்த நிஜம். அதனால் டாஸ் போடுவதற்கு முன்பே எல்லோரும் ஒத்துக்கொண்ட விதி அது. சிக்ஸர் அடிக்கத் தெரிந்தவனுக்கும் அதே விதி, தெரியாதவனுக்கும் அதே விதி. அந்த மாதிரி விதி ஆட்டத்தைக் காப்பாற்றுகிறது.

எனவே விதி ஆட்டத்துக்கு உள்ளே இருக்கிறதா, வெளியிலிருந்து வந்ததா என்பது எனக்கு முக்கியமில்லை. விதி எப்போது வந்தது என்று கேட்கிறேன். ஆட்டத்துக்கு முன்னால் வந்தால் அது ஒப்பந்தம். ஒருத்தர் ஜெயித்ததற்குப் பிறகு, அந்த ஒருத்தர் ஜெயித்த வழியை மட்டும் அடைப்பதற்காக வந்தால், அது ஒரு ஆளை வெளியே தள்ளும் வேலை. அதுவும் ஒரு ரிங் அவுட்தான், மேடை மட்டும் வேறு.

ரிங் அவுட்டுக்குத் தனியாக வக்காலத்து வேண்டுமென்றாலும் இருக்கிறது. கபடியில் எல்லைக் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தவன் அவுட். அவன் எவ்வளவு பலசாலி என்று நடுவர் கேட்பதில்லை. இந்த ஆட்டம் பிறந்த ஜப்பானில் சுமோ வீரர் வட்டத்துக்கு வெளியே கால் வைத்தால் தோல்வி. அங்கே அதை யாரும் குறுக்குவழி என்பதில்லை, அதுதான் ஆட்டமே. எங்கே நிற்கிறோம் என்று தெரிந்திருப்பதும் சண்டையின் ஒரு பாதி. சோல்காலிபரில் விளிம்புக்கு முதுகைக் காட்டி நிற்பவனிடம் ஆபத்து இருக்கிறது. ஆனால் எதிராளி ஆசைப்பட்டு ஓடி வரும்போது பக்கவாட்டில் விலகினால் இப்போது விளிம்பு எதிராளியின் முதுகுக்குப் பின்னால். இந்தத் திருப்பம்தான் எனக்கு இந்தத் தொடரிலேயே பிடித்த கணம். உயிர்க்கோடு கடுகளவு மிச்சமிருப்பவளுக்கும் ஒரு வழி இருக்கிறது என்று சொல்லும் ஆட்டம் அது.

ஆட்டத்தை உருவாக்குபவர்களும் பாகத்துக்குப் பாகம் விதியை மாற்றிக்கொண்டேதான் இருக்கிறார்கள். சோல் எட்ஜில் ஆயுதத்துக்கே ஒரு ஆயுள் உண்டு. தடுத்துக்கொண்டே இருந்தால் ஆயுதம் போய்விடும், அதன்பின் வெறுங்கையால் ஆட வேண்டும். சோல்காலிபரில் அதை எடுத்துவிட்டார்கள். நாலாவது பாகத்தில் தடுத்தே காலம் ஓட்டுகிறவர்களைத் தண்டிக்க வேறொரு வழி கொண்டுவந்தார்கள். 2012இல் வந்த ஐந்தாவது பாகம் கதையைப் பதினேழு வருடம் தள்ளிவைத்துப் பழைய ஆட்கள் பலரை நீக்கியது. டாக்கி இல்லை, சோஃபிட்டியா இல்லை, டாலிம் இல்லை, என் மினாவும் இல்லை. நான் அதை இரண்டு நாள் ஆடிவிட்டு வைத்துவிட்டேன். 2018 அக்டோபரில் வந்த ஆறாவது பாகம் கதையை முதலிலிருந்து மறுபடி சொன்னது. இவர்கள் திரும்பி வந்தார்கள். கூடவே ரிவர்சல் எட்ஜ் என்று ஒன்றும் வந்தது. ஒரு பட்டனை அமுக்கினால் எதிராளியின் அடியை வாங்கித் திருப்பி அடிக்கலாம். அது பட்டால் காட்சி மெதுவாகும், இருவரும் கல்-காகிதம்-கத்தரி மாதிரி ஒரு தேர்வு செய்ய வேண்டும். பழைய ஆட்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. நன்றாகப் போகும் சண்டையை நிறுத்திச் சீட்டுக் குலுக்குவது போல இருக்கிறது என்றார்கள். புதிதாக வந்தவர்களுக்கு மூச்சு விட ஒரு இடம் கிடைத்தது. இரண்டு கட்சியும் சொல்வது சரிதான். ஆனால் ஒன்று கவனியுங்கள். இந்த விதி எல்லோருக்கும் சேர்த்து, டப்பாவைத் திறக்கும்போதே உள்ளே இருந்தது. அதைத் திட்டலாம், ஆடாமல் விடலாம். யாரையும் குறிவைத்து எழுதிய விதி என்று சொல்ல முடியாது.

2019 பொங்கல் லீவில் அண்ணன் சென்னைக்கு என் வீட்டுக்கு வந்திருந்தான். நான் பழைய பிளேஸ்டேஷன் 4 ஒன்று வாங்கியிருந்தேன். அவன் மிட்சுருகியை எடுத்தான், நான் மினாவை. ரிவர்சல் எட்ஜைப் பத்து நிமிடம் திட்டினான், பிறகு அதையே போட்டுக்கொண்டிருந்தான். மூன்றாவது ரவுண்டில் விளிம்பில் வைத்துத் தள்ளினேன். விழுந்தான். சிரித்தான். அப்புறம் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.

"அந்தக் கடையில ரிங் அவுட் கிடையாதுன்னு எழுதச் சொன்னது நான்தான், தெரியுமா?"

தெரியாது.

"உங்கிட்ட தோத்துட்டு அவனுங்க ரொம்ப கேவலமா பேசுனானுங்க. உன்னைப் பத்தி. ரூல் போட்டா நீ கொஞ்சம் தோப்ப, தோத்தா விட்டுருவானுங்க, நீ தொடர்ந்து வரலாம்னு நெனச்சேன். நீ அப்பவும் ஜெயிச்சா நான் என்ன பண்றது?"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. பன்னிரண்டு வருடம் நான் அந்தப் பையன்கள் மேல் வைத்திருந்த கோபத்தில் ஒரு பங்கு யாருக்குப் போக வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவன் என்னைக் காப்பாற்ற நினைத்தான் என்பதும் உண்மை. காப்பாற்றுவதற்கு அவனுக்குத் தோன்றிய ஒரே வழி என்னைத் தோற்க வைப்பது என்பதும் உண்மை. அவர்களிடம் வாயை மூடச் சொல்வது பதினைந்து வயதில் அவனால் முடிந்திருக்காது, அதுவும் புரிகிறது. இருந்தாலும் எனக்கு முழுசாக ஆறவில்லை. "அப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல அண்ணா" என்றேன். "சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?" என்றான். வந்திருப்பேன். அதை அவனிடம் சொன்னேன். அவன் கண்ட்ரோலரை எடுத்துக்கொண்டான்.

இப்போது என் வீட்டுக்குச் சனி ஞாயிறுகளில் ஆபீஸ் நண்பர்கள் வருவார்கள், பக்கத்து ஃபிளாட் பிள்ளைகளும் வருவார்கள். யார் எந்த ஆளை எடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. பட்டன் அடிப்பவர்களும் வரலாம். கிலிக்கும் மாக்ஸியும் வரலாம். எதற்கு முறை இருக்கிறது, எதற்கு இல்லை என்று ஒவ்வொருவருக்கும் கருத்து இருக்கும், இருக்கட்டும். ஒன்று மட்டும் முதல் ஆட்டம் தொடங்கும் முன்பே கேட்டுவிடுவேன். ரிங் அவுட் உண்டா, இல்லையா? வேண்டாம் என்று யாராவது சொன்னால் சண்டை போட மாட்டேன். சுற்றிலும் சுவர் வைத்த மேடைகள் இந்த ஆட்டத்திலேயே இருக்கின்றன. அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். உண்டு என்றால் எல்லோருக்கும் உண்டு, கடைசி ரவுண்டு வரைக்கும்.